கணக்கில் வராத பாதி: தினா முரளிதரனின் ஷட்டில்

2025 ஆகஸ்ட் 31, பாரிஸ். உலக பேட்மிண்டன் சாம்பியன்ஷிப்பில் பெண்கள் இரட்டையர் இறுதியாட்டம். ஒரு பக்கம் சீனாவின் லியு ஷெங்ஷு, டான் நிங். மறுபக்கம் மலேசியாவின் பெர்லி டான், தினா முரளிதரன். முதல் செட் 21-14 என்று சீனாவுக்குப் போனது. இரண்டாவது செட்டை மலேசியப் பெண்கள் 22-20 என்று போராடிப் பிடுங்கினார்கள். மூன்றாவது செட்டை 17-21 என்று இழந்தார்கள். தங்கம் கைக்கு வரவில்லை. ஆனால் மலேசியாவிலிருந்து ஒரு பெண்கள் ஜோடி உலக சாம்பியன்ஷிப் இறுதி வரை வந்தது அதுதான் முதல் முறை.

தினா முரளிதரன் என்ற பெயரை நம் கீரனூரில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? ஷட்டில் என்றால் சிந்து தெரியும், சாய்னா தெரியும். பழனிக்கு வரும் மலேசிய பக்தர்களை வருஷா வருஷம் பார்க்கிறோம். பத்துமலைத் தைப்பூசத்தை டிவியில் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். அதே மலேசியாவின் இந்திய வம்சாவளியில் பிறந்த ஒரு பெண் உலகத் தரவரிசையில் இரண்டாம் இடம் வரை ஏறியிருக்கிறார். அவரைப் பற்றி இங்கே பேச்சே இல்லை. அவர் ஆடுவது பெண்கள் இரட்டையர் என்பதே காரணம் என்று நினைக்கிறேன். இரட்டையர் ஆட்டத்தை எப்படிப் பார்ப்பது என்று யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. ஸ்மாஷ் அடித்தவரைப் பார்த்துக் கை தட்டுகிறோம். அந்த ஸ்மாஷுக்கு வழி செய்து கொடுத்தவரை விட்டுவிடுகிறோம். தினாவின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், கணக்கில் வராத அந்த இன்னொரு பாதியைப் பார்க்கத் தெரிய வேண்டும்.

நம் தெரு ஆட்டத்திலிருந்தே தொடங்கலாம். பள்ளிக்கூடத்தில் மஞ்சள் கம்பளிப் பந்தை வைத்து ஐந்து பேர் ஐந்து பேராக ஆடும் பூப்பந்து வேறு ஆட்டம். நான் சொல்வது சாயங்காலம் இரண்டு கம்பம் நட்டு, நெட் கட்டி, பிளாஸ்டிக் காக் வைத்து ஆடும் ஷட்டில். இடம் கொஞ்சம், ஆள் நிறைய என்பதால் நாம் ஆடுவது பெரும்பாலும் இரட்டையர்தான். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இந்தப் பக்கம் திரும்பிவிட்டால் ஆட்டமே நின்றுபோகும். இறகு காக்கின் எடை 4.74 கிராமிலிருந்து 5.50 கிராம் வரைதான் இருக்கலாம். மொத்தம் 16 இறகுகள். அவ்வளவு லேசான பொருளைக் காற்று சும்மா விடுமா? பெரிய போட்டிகள் எல்லாம் மூடிய அரங்கில் நடப்பதற்கு இதுதான் காரணம். அங்கேயும் ஏசியின் காற்றோட்டம் காக்கைக் கொஞ்சம் தள்ளும். ஒரு பக்கம் நின்று அடித்தால் கோட்டுக்கு உள்ளே விழும் காக், அதே வேகத்தில் எதிர்ப்பக்கம் நின்று அடித்தால் வெளியே போகும். அதனால்தான் ஒவ்வொரு செட்டுக்கும் பக்கம் மாறுகிறார்கள். மூன்றாவது செட்டில் ஒருவர் 11 புள்ளியைத் தொட்டதும் மறுபடி மாறுகிறார்கள்.

கோர்ட்டின் நீளம் 44 அடி, அதாவது 13.40 மீட்டர். ஒற்றையருக்கு அகலம் 17 அடி, இரட்டையருக்கு 20 அடி. நெட் நடுவில் 5 அடி உயரம், கம்பத்தருகே ஒரு அங்குலம் கூடுதல். செட்டுக்கு 21 புள்ளி, மூன்றில் இரண்டு செட் எடுத்தவருக்கு வெற்றி. 20-20 ஆனால் இரண்டு புள்ளி முன்னிலை வேண்டும். 29-29 ஆகிவிட்டால் 30-ஐ முதலில் தொடுபவருக்கு செட். யார் சர்வீஸ் போட்டாலும் ராலியை ஜெயித்தவருக்குப் புள்ளி.

நம் தெருவில் அதிகம் சண்டை வருவது, யார் எந்தக் கட்டத்திலிருந்து சர்வீஸ் போடுவது என்பதில்தான். விஷயம் எளிது. சர்வீஸ் போடும் அணியின் புள்ளி இரட்டைப்படை என்றால் வலது கட்டம், ஒற்றைப்படை என்றால் இடது கட்டம். சர்வீஸ் போட்டவர் புள்ளி எடுத்தால் அவரும் கூட்டாளியும் கட்டம் மாறிக்கொள்வார்கள், அவரே மீண்டும் போடுவார். புள்ளி போய்விட்டால் சர்வீஸ் எதிரணிக்குப் போகும், இந்த இருவரும் நின்ற இடத்திலேயே நிற்பார்கள். எதிராளி போடும் சர்வீஸை வாங்கும்போது கட்டம் மாறக் கூடாது.

இரட்டையரில் சர்வீஸுக்கு மட்டும் பின்கோட்டுக்கு இரண்டரை அடி உள்ளே இன்னொரு கோடு உண்டு. சர்வீஸ் அதைத் தாண்டி விழக் கூடாது. அதனால் உயரத் தூக்கிப் போட்டால் காக் ஆழமாகப் போகாது, வாங்குபவர் எகிறி அடித்துவிடுவார். சர்வீஸ் போடும்போது காக் தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. ஆகவே நெட்டை உரசுகிற மாதிரி தாழ்வாகப் போடுவதைத் தவிர வேறு நல்ல வழி இல்லை. சர்வீஸ், அதை வாங்குவது, அடுத்த அடி என்று முதல் மூன்று அடிகளிலேயே எந்த அணியின் கை ஓங்கும் என்பது பாதி முடிவாகிவிடும். பயிற்சியாளர்கள் இந்த மூன்று அடிக்கே மணிக்கணக்கில் ஆட்களைத் தேய்த்து எடுப்பார்கள்.

இனி நிற்கும் முறை. தாக்கும்போது ஒருவர் முன்னே, ஒருவர் பின்னே. தடுக்கும்போது இருவரும் பக்கத்தில் பக்கத்தில், கோர்ட்டை நெடுக்காகப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டு. ஒரு அணி காக்கை மேலே தூக்கிவிட்டால் உடனே அது தடுப்பு நிலைக்கு விலகும், எதிரணி முன்பின்னாக மாறும். ஒரே ராலியில் இது பத்துத் தடவை நடக்கும். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்க்க நேரம் கிடையாது. கூட்டாளி எங்கே இருப்பாள் என்பது பார்க்காமலே தெரிந்திருக்க வேண்டும். தெருவில் நடுவில் வரும் காக்கை இருவரும் விட்டுவிட்டு "உன்னுது, உன்னுது" என்று கத்துவோமே, அந்தக் குழப்பம் உலக மட்டத்திலும் வரும். யாருக்கு அது குறைவாக வருகிறதோ அந்த ஜோடி மேலே போகும்.

ஆண்கள் இரட்டையரில் ராலி சீக்கிரம் முடியும். நாலைந்து அடியில் ஸ்மாஷ் விழும், கதை முடியும். பெண்கள் இரட்டையர் அப்படி இல்லை. ஒரு ஸ்மாஷால் இங்கே புள்ளி கிடைப்பது அபூர்வம். அடிக்கிறார்கள், எதிராளி எடுக்கிறார். மறுபடி அடி, மறுபடி எடுப்பு. 2016-இல் சீனாவின் வூஹானில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப் அரையிறுதியில் ஜப்பானின் ஃபுகுமன், யோனாவோ ஜோடியும் இந்தோனேசியாவின் கிரேசியா போலி, நித்யா ஜோடியும் 2 மணி 41 நிமிடம் ஆடினார்கள். மூன்றே செட்டுக்கு அவ்வளவு நேரம்.

தினாவும் பெர்லியும் அந்த வரிசையில் ஒரு ஆட்டம் ஆடியிருக்கிறார்கள். 2023 மே மாதம் கோலாலம்பூரில் மலேசியா மாஸ்டர்ஸ் போட்டி. எதிரே ஜப்பானின் ரேனா மியாவ்ரா, அயாகோ சகுராமோட்டோ. ஒரே ஒரு புள்ளிக்கு 211 அடிகள். மூன்று நிமிடத்துக்கு மேல் காக் தரையில் விழவே இல்லை. அந்த வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது, இணையத்தில் தேடினால் இன்றும் கிடைக்கும். ஒரு தடவை ஆட்டத்துக்காகப் பாருங்கள். இரண்டாம் தடவை மலேசியப் பக்கத்து இருவரின் கால்களை மட்டும் பாருங்கள். ஒருவர் பின்னால் ஒதுங்கினால் மற்றவர் முன்னால் வருகிறார், ஒருவர் இடது மூலைக்கு இழுக்கப்பட்டால் மற்றவர் நடுவுக்கு நகர்கிறார். கையில் இருக்கும் ராக்கெட்டுக்கு முன்னால் காலே வேலையை முடித்துவிடுகிறது. நல்ல நாகஸ்வர ஜோடியில் ஒருவர் மூச்சு வாங்கும் இடம் மற்றவருக்குத் தெரிந்திருப்பது போன்றது அது.

இந்த ஜோடியில் கனமான அடி பெர்லியுடையது. பெர்லி 2000-இல் கெடா மாநிலத்தின் அலோர் ஸ்டாரில் பிறந்தவர். ராஜேந்திர சோழன் வென்ற கடாரம் என்று நம் பாடப்புத்தகத்தில் படித்தோமே, அந்தப் பகுதி. 2023 ஏப்ரலில் ஜப்பானில் நடந்த வேகச் சோதனையில் பெர்லி அடித்த ஸ்மாஷ் மணிக்கு 438 கிலோமீட்டர். பெண்களில் அதுதான் கின்னஸ் சாதனை. ஆண்களுக்கான சாதனையை அதே சோதனையில் மணிக்கு 565 கிலோமீட்டர் வேகத்தில் படைத்தவர் ஆந்திரத்தின் சாத்விக்சாய்ராஜ்.

பெர்லியின் அடிக்கு எண் இருக்கிறது, சான்றிதழ் இருக்கிறது. பெர்லியை விட இரண்டு வயது மூத்தவரான, 1998-இல் பிறந்த தினாவின் வேலைக்கு அப்படி எந்த எண்ணும் கிடையாது. அந்த வேலை என்ன என்பதை ஒரு புள்ளியை எடுத்துப் பார்த்தால் புரியும்.

பெர்லி பின்கோர்ட்டிலிருந்து ஸ்மாஷ் அடிக்கிறார். எதிராளி அதைத் தடுக்கிறார். தடுத்த காக் நெட்டுக்குக் கொஞ்சம் மேலே, தாழ்வாக, வேகம் குறைந்து வருகிறது. அந்த இடத்தில் முன்னே நிற்பவர் இருக்கிறார். அவர் ஒரு அடி தள்ளி நின்றிருந்தால் காக் நெட்டுக்குக் கீழே இறங்கிவிடும், அப்புறம் அதைத் தூக்கித்தான் கொடுக்க வேண்டும், தாக்குதல் கைமாறிவிடும். சரியான இடத்தில் நின்று, காக் நெட்டின் உயரத்தில் இருக்கும்போதே தொட்டுவிட்டால், எதிராளிக்கு மறுபடி தூக்குவதைத் தவிர வழியில்லை. தூக்கினால் பின்னால் பெர்லி காத்திருக்கிறார். இப்படி மூன்று முறை, ஐந்து முறை நடக்கிறது. ஆறாவது அடியில் எதிராளி தடுமாறுகிறார். காக் தரையில் விழுகிறது. கைத்தட்டல் பின்னாலிருந்து அடித்தவருக்கு. எதிராளியைத் தூக்க வைத்தது முன்னே நின்றவரின் ராக்கெட். பல ராலிகளில் முன்னே நிற்பவர் காக்கைத் தொடக்கூடச் செய்வதில்லை. அவர் அங்கே நிற்கிறார் என்ற பயத்திலேயே எதிராளி தாழ்வாக வைக்காமல் உயரத் தூக்கிவிடுகிறார். தொடாத காக்குக்கு எந்தப் புள்ளிவிவரத்திலும் இடம் இல்லை.

பெர்லி முன்னே வருவதும் தினா பின்னே போய் அடிப்பதும் நிறையவே நடக்கும். யாரும் ஒரே இடத்தில் நின்று ஆட முடியாது. ஆனால் இந்த ஜோடியின் தாக்குதல் திட்டம் பெர்லியைப் பின்னால் நிறுத்துவதை ஒட்டியே அமைந்திருக்கிறது. அந்தத் திட்டம் நடக்க வேண்டுமானால் முன்னே இருப்பவர் நிதானம் தவறக் கூடாது. தடுப்பிலும் அப்படித்தான். எதிராளிகள் பத்து ஸ்மாஷ் அடித்தாலும் பதினோராவதையும் எடுத்துக் கொடுக்கும் பொறுமை வேண்டும்.

இனி ஒரு இரட்டையர் வீராங்கனையின் வாழ்க்கைக் கணக்கு எப்படி எழுதப்படுகிறது என்று பார்ப்போம். உலகத் தரவரிசை என்பது கடந்த 52 வாரங்களில் ஆடியதில் சிறந்த 10 போட்டிகளின் புள்ளிகளைக் கூட்டியது. 2018-இலிருந்து உலக டூர் போட்டிகள் சூப்பர் 1000, 750, 500, 300 என்று படிப்படியாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. சூப்பர் 1000 வென்றால் 12,000 புள்ளி, 750-க்கு 11,000, 500-க்கு 9,200, 300-க்கு 7,000. உலக சாம்பியன்ஷிப்புக்கும் ஒலிம்பிக்குக்கும் இதைவிட அதிகம்.

ஒற்றையர் ஆடுபவருக்கு இந்தப் புள்ளிகள் சொந்தச் சொத்து. இரட்டையரில் அவை ஜோடியின் பெயரில் சேரும். கூட்டாளி மாறினால் தரவரிசைப் பட்டியலில் புதுப் பெயராக அடியிலிருந்து ஏற வேண்டும். பாரிஸ் ஒலிம்பிக்கில் சீனாவின் சென் சிங்சென், ஜியா யிஃபான் ஜோடி தங்கம் வென்றது. அதன் பிறகு சென் ஒதுங்கினார். ஒலிம்பிக் சாம்பியனான ஜியா, ஜாங் ஷுஷியானோடு புதிதாக ஜோடி சேர்ந்து மீண்டும் படியேற வேண்டியிருந்தது. கூட்டாளியின் முட்டி வலித்தால் உங்கள் தரவரிசையும் இறங்கும், பரிசுப் பணத்திலும் பாதிதான். உடம்பு முழுத் தெம்போடு இருக்கும்போதே அடுத்தவர் காயத்தால் ஒரு வருஷத்தை இழக்க இந்த ஆட்டத்தில் முடியும். எத்தனை பேர் ஓரிரு தோல்விக்குள் பிரிந்து போயிருக்கிறார்கள் என்று பார்த்தால், பெர்லியும் தினாவும் இத்தனை வருஷம் சேர்ந்தே இருப்பதே பெரிய காரியம் என்பேன். தாய்லாந்தின் ஜோங்கோல்பான், ரவிண்டா ஜோடியும் இதே ரகம். டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கையும் ஒன்றாகவே ஆடினார்கள்.

பெர்லி, தினா ஜோடியின் முதல் பெரிய பட்டம் 2021 மார்ச்சில் கிடைத்த சுவிஸ் ஓபன். சூப்பர் 300 போட்டி. இறுதியில் பல்கேரியாவின் ஸ்டோயேவா சகோதரிகளை வீழ்த்தினார்கள். ஐரோப்பாவில் பெயர் பெற்ற ஜோடி அது. அந்த வருஷம் டோக்கியோ ஒலிம்பிக்கில் மலேசியப் பெண்கள் இரட்டையர் இடம் இவர்களுக்குக் கிடைக்கவில்லை. சௌ மெய் குவான், லீ மெங் யீன் என்ற மூத்த ஜோடிதான் போனது.

2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த் விளையாட்டில் இவர்கள் நம் நாட்டோடு நேருக்கு நேர் மோதினார்கள். கலப்பு அணிப் போட்டியின் இறுதியில் இந்தியாவும் மலேசியாவும். 2018-இல் தங்கம் வென்றிருந்த இந்தியா அதைக் காக்க வேண்டிய நிலை. சிந்து தன் ஆட்டத்தை வென்றார், ஆண்கள் இரட்டையரும் ஆண்கள் ஒற்றையரும் கைவிட்டுப் போயின. இந்தியா பிழைக்க வேண்டுமானால் பெண்கள் இரட்டையர் ஜெயித்தாக வேண்டும். கண்ணூர்ப் பெண் த்ரீசா ஜாலியும் ஹைதராபாத்தின் காயத்ரி கோபிசந்தும் இறங்கினார்கள். எதிரே பெர்லியும் தினாவும். 21-18, 21-17 என்று மலேசியா முடித்தது. தங்கம் அவர்களுக்கு, வெள்ளி நமக்கு. சில நாள் கழித்துத் தனிப் பிரிவின் அரையிறுதியிலும் இதே இந்திய ஜோடியைத் தோற்கடித்தார்கள். இறுதியில் இங்கிலாந்தின் குளோயி பர்ச், லாரன் ஸ்மித் ஜோடியை 21-5, 21-8 என்று ஊதித் தள்ளினார்கள். ஒரே காமன்வெல்த்தில் இரண்டு தங்கம். 2010 டில்லியில் ஜ்வாலா கட்டாவும் அஸ்வினி பொன்னப்பாவும் இந்தியாவுக்கு வென்று தந்த பெண்கள் இரட்டையர் தங்கம், 2014-இலிருந்து மூன்று முறையும் மலேசியாவுக்கே போயிருக்கிறது.

அதே 2022 அக்டோபரில் பிரெஞ்சு ஓபன். சூப்பர் 750 தரம். இறுதியில் எதிரே ஜப்பானின் மாயு மட்சுமோட்டோ, வகானா நகஹாரா. முன்பு இரண்டு முறை உலக சாம்பியன் ஆனவர்கள். மூன்று செட் ஆட்டத்தில் மலேசிய ஜோடி வென்றது. காமன்வெல்த் தங்கம் என்றால் சீனாவும் ஜப்பானும் கொரியாவும் இல்லாத போட்டி என்று சிலர் குறைத்துப் பேசுவார்கள். இந்தப் பட்டத்துக்குப் பிறகு அப்படிப் பேச வாய் வராது.

எனக்கு மனதில் அதிகம் தங்குவது 2024 பாரிஸ் ஒலிம்பிக்தான். மலேசியாவிலிருந்து ஒலிம்பிக் அரையிறுதிக்கு வந்த முதல் பெண்கள் இரட்டையர் ஜோடி என்று பெயரெடுத்தார்கள். அரையிறுதியில் லியு ஷெங்ஷு, டான் நிங்கிடம் மூன்று செட்டில் தோற்றார்கள். இங்கே ஒரு விதியைச் சொல்ல வேண்டும். உலக சாம்பியன்ஷிப்பில் அரையிறுதியில் தோற்கும் இரண்டு ஜோடிக்கும் வெண்கலம் உண்டு. ஒலிம்பிக்கில் 1992 பார்சிலோனாவில் மட்டும் அப்படி இருந்தது. 1996-இலிருந்து தோற்ற இரண்டு ஜோடியும் வெண்கலத்துக்காகத் தனியாக ஒரு ஆட்டம் ஆட வேண்டும். நெஞ்சு உடைந்த மறுநாளே கோர்ட்டில் இறங்க வேண்டும். அந்த ஆட்டத்தில் ஜப்பானின் நமி மட்சுயாமா, சிஹாரு ஷிடாவிடம் 21-11, 21-11 என்று தோற்றார்கள். நாலாம் இடம். மேடை இல்லை, பதக்கம் இல்லை. வருஷக்கணக்கில் உழைத்துக் கடைசிப் படியில் வெறுங்கையோடு திரும்புவதை விடக் கொடியது விளையாட்டில் வேறு இல்லை.

இந்த மாதிரி நேரத்தில்தான் ஜோடிகள் உடையும். குறை சொல்ல ஆள் பக்கத்திலேயே இருக்கிறாள் அல்லவா? இவர்கள் உடையவில்லை. ஆறு வாரம் கழித்து செப்டம்பரில் ஹாங்காங் ஓபன் இறுதி. எதிரே அதே லியு ஷெங்ஷு, டான் நிங். 21-14, 21-14 என்று நேர் செட்டில் வென்றார்கள்.

அதிலிருந்து இந்த இரண்டு ஜோடியின் மோதல்தான் பெண்கள் இரட்டையரின் முக்கியமான கதை. 2025 மே மாதம் பாங்காக்கில் தாய்லாந்து ஓபனை மலேசிய ஜோடி வென்றது. ஜூனில் ஜகார்த்தாவில் சூப்பர் 1000 தரமான இந்தோனேசியா ஓபன் இறுதி. முதல் செட்டை 25-23 என்று எடுத்தார்கள், இரண்டாவதை 12-21 என்று விட்டார்கள், மூன்றாவதில் 19-21 என்று சீன ஜோடியிடம் தோற்றார்கள். இரண்டே புள்ளி. அடுத்துதான் தொடக்கத்தில் சொன்ன பாரிஸ் இறுதி. ஒரு வருஷம் முன்பு ஒலிம்பிக்கில் வெறுங்கையோடு வெளியேறிய அதே போர்ட் தெ லா ஷப்பெல் அரங்கம். அங்கேயே வெள்ளிப் பதக்கம் வாங்கினார்கள். அதே வாரம் மலேசியாவின் சென் டாங் ஜி, தோ ஈ வெய் கலப்பு இரட்டையரில் நாட்டின் முதல் உலகத் தங்கத்தை வென்றதால் செய்தியில் இவர்கள் கொஞ்சம் பின்னுக்குப் போனார்கள். அது இயல்பு. ஆனாலும் எனக்கு வருத்தம்தான்.

மலேசியாவில் ஷட்டில் ஆடிய இந்திய வம்சாவளியினரில் தினா முதல் ஆள் இல்லை. பஞ்ச் குணாளன் என்ற பெயரை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். 1971-இல் இங் பூன் பீயோடு சேர்ந்து ஆல் இங்கிலாந்து ஆண்கள் இரட்டையர் பட்டம் வென்றவர். 1974 காமன்வெல்த்தில் ஒற்றையர் தங்கமும் வென்றார். பிறகு உலகச் சம்மேளனத்தின் நிர்வாகத்துக்குப் போனார். 2006-இல் வந்த 21 புள்ளி முறையை முன்னின்று கொண்டுவந்தவர்களில் அவரும் ஒருவர். அதற்கு முன் சர்வீஸ் போட்டவர் மட்டுமே புள்ளி எடுக்க முடியும். இன்று கீரனூர்த் தெருவில் "இருபத்தொண்ணு அடிச்சா கேம்" என்று நாம் ஆடுவதில் அவர் பங்கும் இருக்கிறது. பின்னால் செரம்பான் கிசோனா செல்வதுரை 2019 தென்கிழக்காசிய விளையாட்டில் பெண்கள் ஒற்றையர் தங்கம் வென்றார். தினா வந்தது இந்த வரிசையில்.

தமிழ்நாட்டுப் பெண்களும் சளைத்தவர்கள் இல்லை. 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் காஞ்சிபுரம் துளசிமதி முருகேசன் வெள்ளியும், திருவள்ளூர் மனிஷா ராமதாஸும் ஓசூர் நித்யஸ்ரீ சிவனும் வெண்கலமும் வென்றார்கள். மூன்றும் ஒற்றையர் பதக்கங்கள். பெண்கள் இரட்டையர் என்று வந்தால் இந்திய அணியின் பெயர்கள் ஹைதராபாத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் கேரளத்திலிருந்துமே பெரும்பாலும் வந்துகொண்டிருக்கின்றன. 2011-இல் லண்டனில் உலக சாம்பியன்ஷிப் வெண்கலம் வென்ற ஜ்வாலா, அஸ்வினி ஜோடியிலிருந்து இன்றைய த்ரீசா, காயத்ரி வரை இதே கதை.

நம் பக்கத்தில் ஒரு பெண் பிள்ளை நன்றாக ஆடினால் உடனே ஒற்றையருக்குத்தான் தயார் செய்கிறோம். சிந்து மாதிரி வர வேண்டும் என்று சொல்லிச் சேர்க்கிறோம். ஒற்றையரில் சாதிக்காத பிள்ளையை இரட்டையருக்கு ஒதுக்குகிறோம், அதுவும் போட்டிக்கு முந்தின வாரம் யாரோடாவது சேர்த்துவிடுகிறோம். இது தப்பு. இரட்டையர் தனி ஆட்டம், அதற்கு வேறு குணம் வேண்டும். உயரம் குறைவான, கண் கூர்மையான, பதறாத ஒரு பிள்ளை ஒற்றையரில் தடுமாறலாம். அதே பிள்ளை முன்கோர்ட்டில் வைரமாக இருக்கலாம். சின்ன ஊரில் இரட்டையர் வளர்க்க ஒரு வசதியும் உண்டு. ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம், தினமும் பார்க்கிற இரண்டு பிள்ளைகள். நகரத்து அகாடமியில் இது லேசில் அமையாது.

உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் பேட்மிண்டனும் உண்டு. கீரனூரிலிருந்து பிள்ளைகளை அழைத்துப் போகும்போது, இரட்டையர் ஜோடியை வருஷத் தொடக்கத்திலேயே முடிவு செய்யுங்கள். தாழ்வான சர்வீஸையும் அதற்கடுத்த இரண்டு அடிகளையும் தினமும் பழக்குங்கள், அதற்குப் பெரிய அரங்கம் தேவையில்லை. காற்று அடங்கும் அதிகாலையில் பள்ளி மைதானமே போதும். ஒரு தோல்வி வந்ததும் ஜோடியைப் பிரிக்காதீர்கள். "நீ விட்டதால்தான் போச்சு" என்று ஒரு பிள்ளையை மற்றதன் முன்னால் பேசாதீர்கள்.

அடுத்த ஒலிம்பிக் 2028-இல் லாஸ் ஏஞ்சல்ஸில். தினாவுக்கு அப்போது முப்பது வயது இருக்கும். அதற்குள் அவர் ஆட்டம் எத்தனையோ முறை டிவியில் வரும். வரும்போது முன்கோர்ட்டில் நிற்பவர் மேல் கண்ணை வையுங்கள். உங்கள் பெண்ணையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.